தண்ணீர் முதலில் வந்தது

புனே அருகே சிஞ்ச்வட் பள்ளியொன்றின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை மங்கையர்க்கரசி. தேர்வில் வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வி வந்திருந்தது. ‘அம்மா எழுந்தாள். குழாயில் தண்ணீர் வந்தது. குடங்களை நிரப்பினாள்’ என்றது விடைக்குறிப்பு. வைஷாலி மட்டும் தண்ணீரை முதலில் எழுதியிருந்தாள்.

“ஏன் வைஷாலி, தண்ணியை முதல்ல எழுதினே?”

“தண்ணி வர்ற சத்தத்துலதான் அம்மா எழுந்திருப்பாங்க, மிஸ்.”

மங்கையர்க்கரசி முழு மதிப்பெண் போட்டாள். தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

“குறிப்புல இருக்கிறபடி திருத்துங்க.”

“காரணத்தோட அடுக்கக் கத்துக்கொடுக்கத்தான் இந்தப் பாடமே, மேடம். அவ காரணம் சொல்லிட்டா. மார்க்கைக் குறைக்க மாட்டேன்.”

“அப்ப எழுத்துல கொடுங்க.”

நின்றபடியே எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினாள்.

அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது மங்கையர்க்கரசியை ஒன்றாம் வகுப்புக்குப் பாடமெடுக்க மாற்றினார்கள். முதல் வாரமே படச்சீட்டுகளைக் கலைத்துப் போட்டு, ஒவ்வொரு குழந்தையிடமும் “ஏன் இப்படி அடுக்கினே?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.