மலைக்கு அளவெடுத்த தையல்காரர்

எங்கள் ஊரில் என் அத்தானுக்குப் பட்டப்பெயர் 'பிரிச்சுக்கலாம்'. அக்காவின் கணவர், தொழில் தையல். "உள்ள கொஞ்சம் துணி விட்டு வெச்சிருக்கேன், உடம்பு போட்டா பின்னாடி பிரிச்சுக்கலாம்" என்று சொல்லாமல் அவர் யாருக்கும் ஒரு சட்டையைக் கொடுத்ததில்லை. ஒல்லியாக இருப்பவனிடமும் இதே பேச்சு. பாவம், அவன் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்ப்பான்.

துணியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டு விஷயங்களையும் அவர் அப்படித்தான் உள்ளே மடித்துத் தைத்துவிடுவார், பின்னால் பிரித்துக்கொள்ளலாமென்று. அப்படி மடித்து வைத்ததில் ஒன்று என் அக்காவின் ஜன்னல்.

முன்னால் கடை, நடுவில் ஓர் அறை, கடைசியில் சமையலறை. அதுதான் அவர்களுடைய வாடகை வீடு. சமையலறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் கை எட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதில் மேலிருந்து கீழே ஒரு கழிவுநீர்க் குழாய். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா அடுப்பில் எது வைத்தாலும் அந்தக் குழாயைப் பார்த்துத்தான் கிண்டினாள். மூச்சு முட்டுகிறது என்று ஒருநாள் சொன்னபோது, "சொந்த வீடு கட்டுறப்ப சுவரு அகலத்துக்கு ஜன்னல் வெச்சுத் தரேன்" என்றார் அத்தான். அவளும் நம்பினாள். மறுபடி கேட்கவே இல்லை.

அவள் கேட்காவிட்டால் என்ன, நான் எதற்கு இருக்கிறேன்? மின்கட்டணக் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் ஏச்செல்லாம் வாங்குகிறவள், வீட்டுக்கு வந்து யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டாமா?

"அத்தான், ஜன்னல் என்னாச்சு?"

"உன் வாய்க்கு ஒரு பட்டன் வெச்சுத் தெச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்பார்.

கடைசியில் ஒரு வழியாக நிலம் வாங்கினார். எங்களுடையது மலை ஊர். சமமான இடமெல்லாம் எங்களுக்கு முன்னால் பிறந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அத்தானுக்குக் கிடைத்தது சாலையிலிருந்து கீழ்நோக்கிச் சரியும் ஒரு துண்டு. ஆடுகூட இரண்டு தடவை யோசித்துத்தான் அதில் கால் வைக்கும். ஆனால் அடியில் போய் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சேலையெல்லாம் மண். முகத்தைப் பார்த்தால் பரிசு வாங்கிவந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது.

வரைபடம் போட ஓர் எஞ்சினியரைக் கூட்டிவந்தேன். அத்தான் அவரைத் தலையிலிருந்து பார்க்கவில்லை, காலிலிருந்து பார்த்தார். அவர் போன பிறகு சொன்னார்: "தன் பேன்ட்டு கால் ரெண்டும் ஒரே நீளமா இல்லைன்னே அந்த ஆளுக்குத் தெரியலை. என் வீட்டுச் சுவரை எப்படி நேரா நிறுத்துவாரு?"

"அப்ப யாரு போடுறது?"

"ஏன், நான் எதுக்கு இருக்கேன்? அளவெடுக்கறது என் பொழைப்பு."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அத்தான் விட்டது சரிவு தெரியாமல்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. உடம்பில் ஒட்டாத அளவு அளவே அல்ல. தொந்திக்காரர் வந்தால் டேப்பைத் தொந்தி மேலேயே ஓட்டித்தான் நீளம் பார்ப்பார், அதனால்தான் சட்டை முன்பக்கம் தூக்காமல் நிற்கும். மலையையும் ஒரு தொந்திக்காரராகவே பாவித்தார். சாலையோரக் கல்லிலிருந்து கீழ் எல்லைக்கல் வரை, மேடு பள்ளம் ஒன்றையும் விடாமல், மண்ணோடு மண்ணாக டேப்பை ஒட்டிப் பிடித்து அளந்தார். நடுவில் ஒரு பாறை வந்தது. அதன் மேலும் ஏற்றி இறக்கினார். நான் மேலே நின்று குடை பிடித்துக்கொண்டு, "மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க அத்தான், மலைக்கு அளவு கூடிடப் போகுது" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

காகிதத்தில் வரைவது அவருக்கு ஒத்துவராது. முழு வீட்டையும், முழு அளவில், துணியில் வெட்டித் தைத்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. முன்கூடம் நீலப் பேன்ட் துணி. தையல் அறை சாம்பல் நிறம். படுக்கையறை கோடு போட்ட சட்டைத் துணி. கடைசியாக, கீழ்ப்பக்கம், பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி சமையலறை. அதற்கு அக்கா தன் பழைய மஞ்சள் சேலை ஒன்றைக் கொடுத்தாள். எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சரிவில் விரித்து முளையடித்தார். அச்சு அசல் பொருந்தியது, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஒரு விரல் கூடவில்லை, ஒரு விரல் குறையவில்லை.

"பாத்தியா?" என்று என்னிடம்தான் கேட்டார்.

அக்கா மஞ்சள் துணிமேல் போய் உட்கார்ந்தாள். "இங்க அடுப்பு, இங்க ஜன்னல்" என்று அத்தான் காற்றில் கை காட்டினார். அவள் தலையாட்டிவிட்டு, இல்லாத ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. நான் கேலி பேச வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டு அவள் தலைக்குமேல் குடையைப் பிடித்தேன்.

அஸ்திவாரம் தோண்ட மேஸ்திரி வந்தார். சாலையோரத்தில் ஒரு கழி, கீழ் எல்லையில் பனைமரம் மாதிரி ஒரு மூங்கில். தண்ணீர்க் குழாய் வைத்து மட்டம் பார்த்து இரண்டுக்கும் நடுவே நூல் கட்டினார். நூல் நிலத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அதை அளந்தார். தலையைச் சொறிந்தார். மறுபடியும் அளந்தார்.

"அண்ணே, துணி நீளமா இருக்கு. நிலம் குட்டையா இருக்கு."

"துணி சுருங்கும் மேஸ்திரி. நிலம் எங்கயாச்சும் சுருங்குமா?" என்றார் அத்தான்.

சுவரில் சாய்த்து வைத்த ஏணி எவ்வளவு நீளமோ அவ்வளவு தரையை அது அடைப்பதில்லை. இது எனக்கே தெரியும். துணி மலையோடு சாய்ந்து படுக்கும். வீட்டுத் தரை அப்படிப் படுத்தால் அதற்குப் பெயர் வீடல்ல, சறுக்குமரம். மட்டமாகப் பார்த்தால் நிலம் ஓர் அறை அளவுக்குக் குறைந்தது. மேஸ்திரி நூலைத் துணியின் நீளத்துக்கே நீட்டி, ஒரு கழியின் நுனியிலிருந்து, நேர்கீழே எந்த இடம் என்று காட்டும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு எல்லைக்கல்லைத் தாண்டிப்போய், கீழ்வீட்டுக்காரருடைய பீன்ஸ் பாத்தியில் இறங்கியது.

கீழ்வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். "என்னங்க அது, மேலேர்ந்து தொங்குது?"

"எங்க அக்கா சமையலறைங்க" என்றேன்.

"நீங்க துணி விரிச்ச அன்னிக்கு ரோட்லேர்ந்து பாத்தேன், எனக்கு அப்பவே தோணுச்சு அண்ணே" என்றார் மேஸ்திரி, குண்டைச் சுருட்டிக்கொண்டே.

"தோணுச்சுன்னா சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க கேக்கலையே."

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை கேட்டிருக்கிறேன். இவர்கள் கெல்லுவதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நான் கடைக்குப் போனபோது, அத்தான் துணி வீட்டை மடிப்பு மடிப்பாக மேஜைமேலும், அது கொள்ளாமல் தரையிலும் போட்டு, சாக்குக்கட்டியால் புதுக்கோடுகள் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டைப் படிப்படியாக மூன்று தளமாக இறக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அப்படி இறக்கினாலும் நான்கு அறைக்கு இடமில்லை, மூன்றுக்குத்தான். அத்தான் மஞ்சள் துணியின் தையலைப் பிரித்து எடுத்தார். அதை நான்காக மடித்து, சாலைப்பக்கம், மண் சரியாமலிருக்கக் கட்டும் தடுப்புச் சுவருக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் கோடு போட்டிருந்த சந்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

அக்கா டீயோடு வந்து நின்றாள்.

"சமையலறை மேல வந்துடுது" என்றார் அத்தான், அவள் முகத்தைப் பார்க்காமல். "இப்போதைக்குத்தான். சின்னதா ஒரு ஜன்னல் வெச்சுக்கலாம்."

"அந்த ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்?"

"தடுப்புச் சுவரு இருக்கும். நல்ல கருங்கல்லு. பின்னாடி வசதி வரப்ப..."

"பிரிச்சுக்கலாம்" என்று நான் முடித்து வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

அக்கா டீயைக் கீழே வைத்தாள். நீலத் துணியைக் காட்டி, "இது எதுக்கு இவ்வளவு பெருசு?" என்று கேட்டாள்.

"முன்கூடம் இல்லாம வீடா? நாலு பேரு வந்தா உக்கார வேண்டாமா?"

"யாருங்க அந்த நாலு பேரு?"

அந்த நாலு பேருக்காகவே நாமெல்லாம் வாழ்கிறோம், ஆனால் இன்றுவரை ஒருவருக்கும் அவர்கள் முகம் தெரியாது.

"இத்தனை வருஷத்துல அவங்க ஒரு நாளாச்சும் நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்களா? வந்தா எனக்குத் தெரியாம இருக்குமா, நான்தானே டீ போடணும்" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை.

பிறகு அவள் செய்ததைச் சொல்லுமுன் கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தானுடைய பெரிய கத்தரியை வேறு யாரும் தொடக்கூடாது. துணி தவிர வேறெதிலும் அது படக்கூடாது, பட்டால் முனை மழுங்கிவிடுமாம். கல்யாணமான புதிதில் அக்கா தெரியாமல் அதை எடுத்து ஒரு காகிதத்தை வெட்டிவிட்டாள். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. அதற்கப்புறம் அவள் அந்த மேஜையைத் துடைக்கும்போதுகூடக் கத்தரியைச் சுற்றித்தான் துடைப்பாள்.

அந்தக் கத்தரியை எடுத்தாள். நீல முன்கூடத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கோடு போடாமல், நிதானமாக வெட்டினாள். தையல்காரன் பெண்டாட்டி, வெட்டு நூல் பிடித்த மாதிரி போனது. வெட்டிய துண்டை மடித்து அத்தான் கையில் கொடுத்தாள். "இதுல உங்களுக்கு ஒரு பேன்ட்டு தெச்சுக்குங்க. நாலு பேரு பாக்கட்டும்."

மஞ்சளை எடுத்துப் பழைய இடத்தில், கடைசியில் வைத்தாள். அத்தான் நீலத் துண்டை மேஜைமேல் வைத்தார். அப்புறம் ஊசியில் நூல் கோத்து, அதைச் சேர்த்துத் தைத்தார். அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் போயிற்று. மீதி கைச்செலவுக்கு இருக்கட்டுமென்று வைத்துக்கொண்டேன்.

கட்டிய கதையை விரித்தால் மேஸ்திரியைத் திட்டவே நேரம் போதாது. மேலிருந்து கீழே செங்கல் இறங்கியது, கீழிருந்து மேலே மண் ஏறியது, மழை வந்து இரண்டையும் இடம் மாற்றிப் போட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது அங்கே பழமொழி அல்ல, அன்றாட வேலை. கடைசித் தளத்தில் சுவர் எழும்பியபோது, "ஜன்னல் எவ்வளவு அகலம்ணே?" என்று மேஸ்திரி கேட்டார். "இப்ப அளவா வெச்சுட்டு, பின்னாடி..." என்று தொடங்கிய அத்தான், படியில் நின்ற அக்காவைப் பார்த்தார். "சுவரு முழுக்க வெச்சுடு" என்றார்.

குடிபோன பிறகு ஒருநாள், அந்த நாலு பேர் வந்தேவிட்டார்கள். சித்தி, சித்தப்பா, அத்தானுடைய அண்ணன், அவர் மனைவி. முன்கூடம் இல்லையே, எங்கே உட்காருவது? தையல் அறை வழியாக இறங்கி, படுக்கையறை வழியாக இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து சேர்ந்தார்கள். மழைக்காலம் வேறு. சுவர் அகல ஜன்னல் நிறையப் பனிமூட்டம். மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, பீன்ஸ் பாத்திகூட இல்லை. ஒரே வெள்ளை.

சித்தி எட்டிப் பார்த்தாள். "இதுக்காகவா முன்கூடத்தை வேணாம்னீங்க? வெள்ளையடிச்ச சுவரு மாதிரில்ல இருக்கு."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ பனியையும் அவரே தப்பாக அளந்து வெட்டிவிட்டது போல. எனக்கு வாயில் பதில் தயாராக இருந்தது. அதற்குள் அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"பழைய வீட்டு ஜன்னலுக்கு எதிர்ல இருந்த சுவரு ஒரு நாளும் நகரலை சித்தி. இது நகரும். உக்காருங்க, டீ போடறேன்."

ஜன்னலோரம் ஓர் ஆணியில் பெரிய கத்தரி தொங்கியது. அக்கா அதை எடுத்து, பால் பாக்கெட்டின் மூலையை வெட்டினாள். அத்தான் பார்த்தார். பால் கத்தரி முனையில் வழிந்தது. அவர் எழுந்து போய் அதை வாங்கி, தன் சட்டையிலேயே துடைத்து, அதே ஆணியில், அவள் கைக்கு எட்டும்படி மாட்டினார்.