மெத்தைக் கடைப் பாட்டு

கல்யாணம், கோயில் கொடை விழா, தேர்தல் பிரசார ஆட்டோ என்று கேட்டவர்களுக்கெல்லாம் பாட்டு எழுதிப் பாடியிருக்கிறேன். எனக்கென்று மூன்று வருடம் உழைத்து ஓர் ஆல்பமும் போட்டேன். அதை யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

போன சாரல் சீசனில் குற்றாலம் மெயினருவியில் பெண்கள் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் அழுத குழந்தையைத் தட்டிக்கொண்டே பாடினாள். அது தென்காசி மெத்தைக் கடை ஒன்றின் விளம்பரத்துக்கு அரை மணி நேரத்தில் நானே மெட்டுப் போட்டு எழுதிக்கொடுத்த பாட்டு. கடைப் பெயர் வரும் இடத்தில் குழந்தையின் பெயரைப் போட்டிருந்தாள்.

"இந்தப் பாட்டு எங்க கத்துக்கிட்ட?" என்றேன்.

"இவ அப்பா பட்டாளத்துல இருக்காவ. போன்ல பாடுவாவ. அதக் கேட்டாத்தான் இவ தூங்குதா."

"நான் எழுதுன பாட்டும்மா இது."

அவள் சிரித்தாள். "சும்மா இருங்கக்கா. சின்னதுல அவுகளுக்கு அவுக அம்மா பாடுனதாம்லா."

அந்த விளம்பரம் வந்தே நாலு வருடம்தான் ஆகிறது. அவள் புருஷன் பொய் சொன்னானா, இல்லை அப்படியே நம்புகிறானா? குழந்தை தூங்கிவிட்டது. அந்த மெட்டு எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே அருவிக்குள் போனேன். பிடிபடவில்லை.