லண்டனுக்கு எம்புட்டு நேரம்?

விமான டிக்கெட் போடும் தொழிலில் டிக்கெட் போடுவது சின்ன வேலை, "எம்புட்டு நேரம் ஆகும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டுபோவதுதான் பெரிய வேலை. சிவகாசியில் கடை வைத்திருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளுகிற யாருக்கும் என் பாடு புரியும்.

டீக்கு நிற்குமா?

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் மாரியம்மாள் அக்கா வந்தார். மகள் லண்டனில் நர்ஸ். தலைப்பிரசவம், மாப்பிள்ளையை விட்டால் அங்கே துணைக்கு ஆளில்லை. குழந்தை பிறக்கும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும், அக்காவுக்கு அது ஒன்றுதான் கவலை.

சென்னையிலிருந்து எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நேர் விமானத்தில் பதினோரு மணி நேரம் என்றேன். டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே டிக்கெட் போட்டோம். எல்லாம் முடிந்து எழுந்தவர் வாசலிலிருந்து திரும்பி வந்தார். "அது சரி அண்ணாச்சி, நடுவுல டீக்கு எங்கன நிப்பாட்டுவாக?"

மிஷின் கத்தியது

கிளம்பிய அன்று விமான நிலையத்திலிருந்து அக்காவின் போன். சோதனையில் அக்காவின் பையைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை வெடிமருந்துத் துகளைக் கண்டுபிடிக்கும் மிஷினில் வைத்திருக்கிறார்கள். மிஷின் கத்தியிருக்கிறது. கையைத் துடைத்து வைத்தார்கள், மறுபடியும் கத்தல். வருஷக்கணக்கில் வேலைக்குச் சோறு கொண்டுபோன கட்டைப்பையிலேயே மகளுக்குப் பருப்புப் பொடி எடுத்துப் போயிருக்கிறார். முந்தின நாள்வரை வெடிமருந்து அள்ளிய கை வேறு.

பெட்டி எடை வரைக்கும் பார்த்துப் பார்த்துச் சொன்ன நான் இதைக் கேட்கவில்லை. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதிகாரிகள் மரியாதையாகத்தான் விசாரித்தார்களாம். விசாரித்து முடிப்பதற்குள் விமானம் போய்விட்டது. அக்கா அழவில்லை. "தெனமும் குளிச்சிட்டுத்தான் அண்ணாச்சி வீட்டுக்குள்ள போவேன், இன்னுமா அந்த மருந்து போகல?"

கை காய்ந்த நாட்கள்

பத்து நாள் கழித்து மறு டிக்கெட். அதுவரை கம்பெனிப் பக்கம் தலைவைக்கக் கூடாது, புதுப் பை, புதுச் சேலை, புதுச் செருப்பு என்று சொல்லி அனுப்பினேன். பத்து என்பது என் குத்துமதிப்புத்தான். இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது?

ஒன்பதாம் நாள் கடைக்கு வந்து இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். தேய்த்துத் தேய்த்து விரல்நுனி தோலுரிந்திருந்தது. பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. போதும் அக்கா, இனி மிஷின் கத்தாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை போனில் வந்தார். டாக்டர் சொன்ன தேதிக்கு முந்தியே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. போனில் பேத்தியைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னார்: "நான் கை களுவி முடிக்கல, அதுக்குள்ள வந்துட்டா பாருங்க."

மறுநாள் மிஷின் வாய் திறக்கவில்லை, அக்கா லண்டனில் போய் இறங்கினார். இப்போது யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: சென்னையிலிருந்து லண்டனுக்குப் பதினோரு மணி நேரம், ஏழாயிரம்பண்ணையிலிருந்து சென்னைக்குப் பத்து நாள்.