பேட்டரியக்கா

சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியக்கா எழுந்திருக்க மாட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழியட்டும், வாசலில் பார்சல்காரர் மணியை அழுத்தி அழுத்தி விரல் தேயட்டும், அவள் நாற்காலியை விட்டு அசைவதில்லை. "கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, உள்ள வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போங்க" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள். அப்படி உள்ளே வந்த ஒருவர், தரையில் மணல் வாளியையும், மூடி திறந்த இரும்புப் பெட்டியையும், அதற்குள் கிடந்த செங்கல் அளவுப் பொட்டலங்களையும், அவற்றை முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுப் பெண்ணையும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்காமலே போய்விட்டார்.

அந்த அறையில் திரைச்சீலை, பாய், காகிதம் எதுவும் கிடையாது. அவள் தம்பி வீட்டில் அவையெல்லாம் இருந்தன. அவன் கேமரா தூக்கும் பெரிய ட்ரோனை வாங்கிய முதல் மாதம், பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். தலை துவட்டிக்கொண்டு வந்தபோது பேட்டரி தீப்பிடித்து, திரைச்சீலை இல்லை, பாதி மேசையும் இல்லை. அப்போது இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்த அக்கா, மறுநாளே வந்து சார்ஜரைக் கையோடு எடுத்துப் போனாள். இந்த வேலைக்கு அவளை யாரும் வைக்கவில்லை. அதனால் நீக்கவும் முடியவில்லை.

ட்ரோன் என்றால் கல்யாண வீட்டில் கொசு மாதிரிச் சுற்றுமே, அது அல்ல. எட்டு விசிறிகள், நடுவில் சினிமாக் கேமரா, எல்லாம் சேர்த்தால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை. அதைத் தூக்க இரண்டு லித்தியம் பாலிமர் பேட்டரிகள் சேர்ந்து உழைக்க வேண்டும். ஒன்பது நிமிடம் பறக்கும். அந்த ஒன்பது நிமிடத்துக்காக அவள் படுகிற பாட்டை யாரும் படம் எடுப்பதில்லை.

தம்பி விலை மலிவாக ஏதாவது பேட்டரி வாங்கி வருவான். அட்டையில் பெரிய பெரிய எண்கள் இருக்கும். அக்கா அட்டையைப் படிப்பதே இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய்த் தராசில் வைப்பாள். "அட்டையில என்ன வேணா அச்சடிப்பான். தராசு அவனுக்குச் சொந்தக்காரனா?" சொன்ன சக்திக்கு ஏற்ற எடை இல்லாவிட்டால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவாள். எடை சரியாக இருந்தாலும் விடமாட்டாள், உள்ளே இருக்கும் ஆறு செல்களையும் ஒவ்வொன்றாக மீட்டரில் சோதித்து, அதில் ஒன்று சோனியாக இருந்தால், "அஞ்சு பேர் நடக்க, ஒருத்தன் இழுத்துக்கிட்டு வருவான். அந்த ஒருத்தன் வேகத்துலதான் எல்லாரும் போகணும்" என்பாள்.

சார்ஜ் போடும் வேகத்தில்தான் அன்றாடச் சண்டை. இரண்டு மடங்கு மின்சாரம் கொடுத்தால் அரை மணியில் முடியுமே என்று தம்பி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடித்தவன் போல் கேட்பான். "உனக்கு நான் சாப்பாட்டை அப்படி வாயில அடைச்சிருந்தா இன்னிக்கு நீ இந்தக் கேள்வி கேக்க இருந்திருக்க மாட்டே." ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்தான். பறந்து இறங்கியதைச் சூடு ஆறாமல் சார்ஜரில் மாட்டவும் விடமாட்டாள்.

ஒரே நாளில் வாங்கிய இரண்டு பேட்டரிகளுக்கு ஒரே நிற நாடா ஒட்டி ஜோடி சேர்ப்பாள். பிறகு அவை சேர்ந்தே சார்ஜ் ஆகும், சேர்ந்தே பறக்கும். ஒன்று படுத்தால் மற்றதும் வேலையிலிருந்து விலகும். நல்லதாய் இருப்பதை வேறு ஜோடியில் போடக் கூடாதா என்று கணவர் ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். பழசும் புதுசும் சேர்ந்தால் புதுசுதான் இரண்டு பங்கு சுமக்கும் என்று சொன்னவள், இருபத்தாறு வருடமாகத் தனக்கு அது தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவர் அதற்குப் பிறகு பேட்டரி பற்றிப் பேசுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை மூடிக் கிடந்த ஆலை ஒன்றின் புகைபோக்கியை வெடி வைத்து இடித்தார்கள். நூறு வருடப் புகைபோக்கி. ஒரே தடவைதான் விழும். மேலிருந்து அதைப் படமெடுக்கும் வேலை தம்பிக்குக் கிடைத்திருந்தது. கோட்டை விட்டால் இன்னொரு முறை எடுக்க முடியாது, வேலை கொடுத்த படக் கம்பெனி இனி அவனைக் கூப்பிடவும் கூப்பிடாது.

சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று ஜோடிகள். காலையில் ஆலை மைதானத்தில் மஞ்சளைக் கையில் எடுத்ததுமே அக்காவின் முகம் மாறியது. அதில் ஒன்று நடுவில் உப்பியிருந்தது, அழுத்தினால் தலையணை போல் அமுங்கியது. நான்கு கேள்வியில் உண்மை வெளியே வந்தது. முதலில் திங்கட்கிழமை என்று சொல்லியிருந்தார்கள், பிறகு வெள்ளிக்குத் தள்ளிப் போட்டார்கள். இரண்டு நாளுக்கு மேல் பறக்காவிட்டால் சார்ஜைப் பாதிக்குக் குறைத்து வைக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். சிவப்பும் நீலமும் அவளிடமே இருந்தன. முன்னதாகவே வாங்கிப் போன மஞ்சளைத் திருப்பிக் கொண்டுவந்தால் வசவு விழும் என்று தம்பி அதை முழுச் சார்ஜோடு ஐந்து நாள் காரின் பின்பெட்டியில் வெயிலில் வைத்திருந்தான்.

"நாளைக்கே கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன்க்கா."

"நினைச்சே. அதுக்கு வயிறு உப்பிப்போச்சு."

சிவப்பு ஒத்திகையிலேயே தீர்ந்தது. வெடிக்கு முன் ஊதும் மூன்று எச்சரிக்கைச் சங்குகளில் முதலாவது ஊதியதும் நீலத்தோடு ட்ரோன் மேலே போனது. இரண்டாவது சங்குக்குப் பிறகு போகலாம் என்று அக்கா சொன்னதைத் படக் கம்பெனியின் தயாரிப்பு நிர்வாகி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலிக்குள் ஒரு நாய் தெரிகிறது, எல்லாரும் நில்லுங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. நாயைத் துரத்த ஆள் போனான். நாய் அவனை விளையாடக் கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டது. ட்ரோன் ஆகாயத்தில் சும்மா நின்று பேட்டரியைத் தின்றது. ஐந்தாவது நிமிடம் அக்கா இறக்கச் சொன்னாள். இறக்கினான்.

நாயைப் பிடித்தாயிற்று, பத்தே நிமிடத்தில் வெடிப்போம், கேமராவுக்காகக் காத்திருக்க முடியாது என்று இடிப்பு வேலையின் பொறியாளர் சொல்லியனுப்பினார். நீலத்தைத் திரும்பச் சார்ஜ் போடலாமென்றால், அதன் சூடு ஆறவே அந்தப் பத்து நிமிடம் போதாது. நிர்வாகி குனிந்து மஞ்சளைத் தூக்கினார். முழுசாகத்தானே இருக்கிறது, லேசாக உப்பினால் என்ன, ஏதாவது ஆனால் தானே பொறுப்பு என்று எழுதித் தருவதாகச் சொன்னார்.

அக்கா மேலே பார்த்தாள். ட்ரோன் போகும் வழிக்கு நேர் கீழே, கயிற்றுக்கு இந்தப் பக்கம், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். முன் வரிசையில் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு.

"அவங்க தலையில விழுந்தா உங்க கடிதாசிய யாருக்குப் படிச்சுக் காட்றது?"

அவர் கையிலிருந்ததை வாங்கினாள். பையிலிருந்து வெட்டுக் கத்தரியை எடுத்து, அதன் சிவப்பு மின்கம்பியை மட்டும் வெட்டினாள். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் தீப்பொறி பறக்கும். வெட்டிய முனையில் நாடாவைச் சுற்றினாள். பிறகு கறுப்புக் கம்பி, அதற்கும் நாடா. அதன் ஜோடிக்கும் அப்படியே. இரண்டு ப்ளக்குகளையும் நிர்வாகியின் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள்.

"நீலத்துல மூணு நிமிஷம் இருக்கு. கடைசிச் சங்குக்கு மேல போ. ஆள் இருக்கிற பக்கம் போகாத. நாலாவது நிமிஷம் என்கிட்ட இல்ல."

கடைசிச் சங்கு ஊதியது. ட்ரோன் ஆலையின் காலிப் பக்கமாக ஏறியது. வெடித்தது. புகைபோக்கி ஒரு கணம் யோசித்து நின்றது, பிறகு இடுப்பு ஒடிந்து, மெதுவாகச் சாய்ந்து, தரையில் நீளமாகப் படுத்தது. கூட்டம் கத்தியது. நிர்வாகி யாரையோ கட்டிப்பிடித்தார். படம் முழுசாகக் கிடைத்துவிட்டது.

தம்பி இறக்கவில்லை. செங்கல் தூசி பொன்னிறமாகச் சுருண்டு சுருண்டு மேலே வந்தது. இன்னும் கொஞ்சம், இந்தத் தூசி மட்டும் என்று முணுமுணுத்தபடி திரையிலேயே கண்ணை நட்டிருந்தான். அக்கா அவன் பக்கத்தில் போய் நின்றாள். இடது உள்ளங்கையை விரித்துத் திரையின் மேல் அப்படியே வைத்தாள். பொன்னிறத் தூசி மறைந்தது. அவள் சுண்டு விரலுக்கு அந்தப் பக்கம், மூலையில், நொடிக்கு நொடி இறங்கிக்கொண்டிருந்த பேட்டரியின் வோல்ட் எண் மட்டும் வெளியே தெரிந்தது. ட்ரோன் இறங்கத் தொடங்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.