கருந்துளைக்கு இறங்கும் வழி

கருந்துளையைப் பற்றி எளிதாகப் படிக்கும்படி புத்தகம் இருக்கிறதா என்று எங்கள் நூலகத்தில் முதன்முதலாகக் கேட்டவர் ஒரு மிளகு விவசாயி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த பெண். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கொல்லிமலையில் ஊர்த் தொகுப்பை நாடு என்பார்கள்; அரியூர் நாட்டில் அவருடைய தோட்டம். சோளக்காட்டுக்கு மிளகு விற்க வரும் நாட்களில், பஸ்ஸுக்கு இருக்கும் நேரத்தை எங்கள் கிளை நூலகத்தின் மரபெஞ்சில் கழிப்பார். செய்தித்தாளை எழுத்துக் கூட்டிப் படிப்பார். நான் சமவெளியிலிருந்து மாற்றலாகி கொல்லிமலைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நூலகர் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சரம்மாதான். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்று அழைத்தேன்.

"உங்களுக்கு எதுக்குங்க்கா கருந்துளை?" என்று கேட்டேன்.

"எம் பொண்ணு அதைத்தான் படிக்குது. காலேஜெல்லாம் முடிச்சு, அதுக்கு மேல ஆராய்ச்சிப் படிப்பு. போன்ல பேசறப்ப என்ன கண்ணு படிக்கறேன்னு கேட்டேன். அது உனக்குப் புரியாதும்மா, விடுன்னு சொல்லிருச்சு."

செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு, குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லாமல், "புரியாதுன்னு சொன்னது பொய்யில்லீங்க. ஆனா அதுக்கப்புறம் போன் பண்ணினா சாப்பிட்டியா, தூங்கினியா, அவ்வளவுதான். பேச்சே இல்லாமப் போச்சு. தை மாசம் லீவுல வருது. அதுக்குள்ள ஏதோ கொஞ்சமாச்சும் தெரிஞ்சுக்கோணும்" என்றார்.

தைக்கு நான்கு மாதங்கள் இருந்தன. மகளோடு இழந்த பேச்சை மீட்க ஒரு தாய் இயற்பியலின் மிகக் கடினமான மூலையிலிருந்து தொடங்கத் துணிந்திருந்தார். நான் வாசிக்கிறவள்தானே ஒழிய விஞ்ஞானி அல்லேன். இருந்தும் மறுக்க மனம் வரவில்லை. அலமாரியில் இருந்த விண்ணியல் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் வரும் நாட்களுக்கு முந்தைய மாலைகளில் நானே படித்துத் தயாரானேன்.

முதலில் விண்மீனின் வாழ்வைச் சொன்னேன். விண்மீன் தன் எடையால் எந்நேரமும் உள்நோக்கி அமுங்கிக்கொண்டே இருக்கிறது. மையத்தில் எரியும் அணுநெருப்பின் அழுத்தம் அதை வெளிநோக்கித் தள்ளித் தாங்கிக்கொண்டிருக்கிறது. பெரிய விண்மீன்களில் அந்த எரிபொருள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக் கடைசியில் இரும்பில் வந்து நிற்கிறது. இரும்பை எரித்து ஆற்றல் பெற முடியாது. அந்தக் கணத்தில் மையம் இடிந்து விழுகிறது என்றேன்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "வெறகு தீந்தா அடுப்பு அணைஞ்சு போகும். இடிஞ்சா விழும்?"

"அந்த நெருப்புதான் விண்மீனையே தாங்கிட்டு இருந்ததுங்க்கா."

"அப்ப அடுப்புதான் ஊட்டுக்குத் தூணு. அடுப்பணைஞ்சா கூரை தலைமேல."

அதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. இடியும் வேகத்தில் வெளியடுக்குகள் வெடித்துச் சிதறுகின்றன. எஞ்சும் மையத்தின் எடை ஓர் அளவுக்குள் இருந்தால் அது இறுகிய சிறு உருண்டையாக நின்றுவிடும். அந்த அளவைத் தாண்டினால் அதைத் தடுத்து நிறுத்த இயற்கையில் நாம் அறிந்த எந்த விசையும் இல்லை. அதன் அருகில் ஓர் எல்லையைத் தாண்டிச் சென்றால் ஒளியும் திரும்பி வர முடியாது. அதுவே கருந்துளை என்று முடித்தேன். நம் சூரியனுக்கு அந்த எடை போதாது என்பதையும் சொன்னேன். எவ்வளவு நசுங்க வேண்டும் என்று கேட்டார். பூமி முழுவதையும் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு நசுக்கினால்தான் அது கருந்துளையாகும் என்றேன்.

"இந்த மலையையும் சேத்தா?"

"மலை, கடல், மனுஷங்க எல்லாத்தையும்."

"எங்க மாமியாரையும் சேத்தா?"

"சேர்த்துத்தான்."

"அப்ப நெல்லிக்கா பத்தாதுங்க டீச்சரம்மா. பலாக்காயாச்சும் வேணும்."

இந்த இடம்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. பிழை என்னுடையது, அடுத்த பாடத்தில் வந்தது. கருந்துளை தன் சுற்றத்தை எப்படி இழுக்கிறது என்று காட்ட, புத்தகங்களில் ஒரு செயல்முறை உண்டு. விரித்துக் கட்டிய துணியின் நடுவே கனமான பொருளை வைத்தால் துணி குழியும். அதன்மீது உருட்டிவிடும் கோலிகள் குழியைச் சுற்றிச் செல்லும். விடுமுறை நாளொன்றில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அதைச் செய்துகாட்ட விரும்பினேன். மலையில் மிளகு காயவைக்கும் தார்ப்பாய் இல்லாத வீடு கிடையாது. வாசலில் நான்கு கம்புகளில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். நடுவில் அம்மிக் குழவி. கோலிக்குப் பதிலாகச் சரத்திலிருந்து உதிர்த்த பச்சை மிளகு.

ஒரு மிளகைப் பக்கவாட்டில் உருட்டிவிட்டேன். இரண்டு சுற்றுச் சுற்றியது; பிறகு குழவியின்மேல் போய் விழுந்தது. இன்னொன்றும் அப்படியே. அவருடைய கணவர் பந்தயம் போல ஒரு கைப்பிடியை அள்ளி வீசினார். எல்லாம் குழவியைச் சுற்றிக் குவிந்தன.

"எல்லாத்தையும் முழுங்கிருதுங்களே!" என்றார் கணவர்.

அக்கா மட்டும் மகிழவில்லை. குனிந்து ஒவ்வொரு மிளகாக மீண்டும் உருட்டிப் பார்த்தார். மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று. மிளகு விவசாயிக்கே உரிய பொறுமை அது. பிறகு நிமிர்ந்து, "டீச்சரம்மா, எப்படி விட்டாலும் உள்ளதான் போகுது. சூரியனும் கனமானதுதானே? அப்ப பூமி இன்னும் ஏன் அதுக்குள்ள போய் விழலே?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்பதைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அன்று பஸ்ஸில் வரும்போது ஏற்பட்ட கூச்சத்தில் ஒரு மகிழ்ச்சியும் கலந்திருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்தச் செயல்முறையை நான் எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். அதை இப்படி மடக்கிக் கேட்க எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

விடையைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு அடுத்த முறை அவரிடம் சொன்னேன். தார்ப்பாய் மிளகோடு உரசுகிறது. உரசலில் மிளகு தன் வேகத்தை இழந்து விழுகிறது. வெட்டவெளியில் உரச எதுவும் இல்லை. ஆகவே பக்கவாட்டில் ஓடும் பொருள் விழாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சூரியனை எடுத்துவிட்டு அதே எடையுள்ள கருந்துளையை அங்கே வைத்தாலும் பூமி இருளிலும் குளிரிலும் உறையுமே தவிர, தன் பாதையை விட்டு ஒரு முழம்கூட உள்ளே நகராது. கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சும் அசுரவாய் அன்று.

அவர் தலையசைத்தார். புரிந்துகொண்டார் என்று நான் நிம்மதி அடைவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "உரச ஒண்ணுமில்லேன்னா அதுக்குள்ள எதுவுமே விழக் கூடாதுங்களே? அப்புறம் உங்க புஸ்தகத்துல கருந்துளையைச் சுத்தி நெருப்பு வளையமாட்டம் படம் போட்டிருக்குது. வெளிச்சமே வெளிய வராததுக்கு வெளிச்சம் ஏது?"

என்னிடம் அதற்கும் புத்தகச் சொற்கள் இருந்தன. அருகிலுள்ள விண்மீனின் வாயு இழுபட்டு வந்து, கருந்துளையைச் சுற்றித் தட்டுப் போலப் பரவிச் சுழல்கிறது. அந்த வாயு ஒன்றோடொன்று உரசிச் சூடேறி ஒளிர்கிறது என்றேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை. "சரிங்க, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லுக்கு அவர் அகராதியில் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும்.

மார்கழியில் ஒரு சந்தை நாள். இருவரும் அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போக ஒரே பஸ்ஸில் மலையிறங்கினோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பின்சக்கரத்துக்கு மேலிருந்த இருக்கையில் அவர் ஜன்னலோரம் அமர்ந்திருந்தார். பாதி வழியில் ஒரு வளைவை ஒட்டி மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஓரங்கட்டி நின்றது. சக்கரத்திலிருந்து புகை, கருகும் நாற்றம் பஸ்ஸுக்குள்ளும் வந்தது. ஓட்டுநர் கல்லின்மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வண்டியே பத்திக்கிச்சா, இல்ல பீடிக்கு நெருப்பெடுத்தீங்களா?" என்று எங்கள் நடத்துநர் ஜன்னல் வழியே கேட்டார்.

"பிரேக்கு காஞ்சு போச்சுங்க. ஆறட்டும், வாரேன்" என்றார் அவர்.

பஸ் நகர்ந்தது. அக்கா திரும்பித் திரும்பி அந்த லாரியைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்று வளைவுகள் கழித்து என் முழங்கையைப் பிடித்தார்.

"டீச்சரம்மா, அந்த லாரியில நெருப்பு வெச்சது யாரு? யாருமில்லே. மேல இருந்துச்சு, கீழ எறங்குது. சும்மா விட்டா பாஞ்சு போயிரும். புடிச்சுப் புடிச்சு எறங்குது. எறங்குன எறக்கமெல்லாம் சூடா மாறிருது. அந்த வாயுவும் அப்படித்தானுங்க? ஒண்ணை ஒண்ணு புடிச்சுப் புடிச்சு, வளைஞ்சு வளைஞ்சு எறங்குது. வெளிச்சம் கருந்துளையோடது இல்லே. எறங்கறதோடது. போய்ச் சேர்றதுக்கு முன்னாடி, வழியிலேயே வர்ற வெளிச்சம்."

எத்தனையோ பத்திகளில் நான் படித்தும் வார்த்தைகளாக மட்டுமே வைத்திருந்த ஒன்றை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். அதோடு என் தார்ப்பாய்ப் பிழைக்கும் ஓர் இடம் கிடைத்தது. பூமிக்குப் பொருந்தாத அந்த உரசல், கருந்துளையின் வாசலில் முழுக்கவும் பொருந்தியது. உரசல் இல்லாத இடத்தில் உலகங்கள் விழாமல் சுற்றுகின்றன. உரசல் உள்ள இடத்தில் வாயு கோடிக்கணக்கான பாகை சூட்டில் ஒளிர்ந்தபடி இறங்குகிறது. மீதி வழியில், விண்மீன் திரள்களின் நடுவிலுள்ள மாபெரும் கருந்துளைகளைப் பற்றிச் சொன்னேன். இறங்கும் வாயுவில் ஒரு பகுதி உள்ளே போகாமல் இரு புறமும் பீறிட்டுப் பாய்கிறது. வெகுதொலைவில் உள்ள வாயுவையும் அது சூடாக்கிக் கலைத்து, அங்கே புதிய விண்மீன்கள் பிறக்காமல் செய்துவிடுவதும் உண்டு என்றேன். "திங்கறது கொஞ்சம், எறைக்கறது நெறைய. கொழந்தைக சோறு திங்கற மாதிரி" என்றார். அடிவாரம் வந்துவிட்டது.

தை பிறந்து மகள் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து வாசலில் உட்கார்ந்து மிளகுச் சரங்களை உருவிக்கொண்டிருந்தோம். மகள் மெலிந்திருந்தாள், ஒவ்வொரு கேள்விக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். அக்கா இரண்டு முறை வாய் திறந்து, இரண்டு முறையும் கறிவேப்பிலை விலையைப் பற்றிப் பேசி முடித்தார். நான்கு மாதம் என்னைத் தூங்கவிடாமல் கேள்வி கேட்டவர், பெற்ற மகளின் முன்னால் தயங்கினார். புரியாதும்மா என்ற சொல்லை இன்னொரு முறை கேட்டால் அதற்குமேல் தாங்காது என்ற தயக்கம் அது. நான் குறுக்கிடவில்லை.

கடைசியில், கையிலிருந்த சரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கண்ணு, கருந்துளையச் சுத்தற வாயு, சுத்திக்கிட்டே இருந்தா உள்ள விழாதில்ல? சுத்தறதை விட்டாத்தானே விழும்?"

மகளின் கை நின்றது. "லைப்ரரி மேடம் சொல்லிக் குடுத்தாங்களா?"

"நான் சொன்னது கொஞ்சம். அம்மா கேட்டதுதான் அதிகம்" என்றேன்.

"அதில்ல கண்ணு, என் சந்தேகம் வேற. அது விட்டுட்டுப் போற சுத்து எங்க போகுது? காணாமப் போக முடியாதில்ல. ஒருத்தர் எறக்கி வெச்சா இன்னொருத்தர் தூக்கோணும். அதை வாங்கிக்கறது யாரு?"

இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. மகளுக்காக எடுத்து வைத்திருந்தார் போலும். மகள் தாயின் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். மடியிலிருந்த முறம் சரிந்து பச்சை மிளகு மண்ணில் சிதறியதை யாரும் பொருட்படுத்தவில்லை.

"அம்மா," என்றாள் மெதுவாக. "நான் படிக்கறதே அதைத்தான்."

"எதை?"

"நீ இப்ப கேட்டதை."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி இல்லை; அச்சம் போன்ற ஒரு வியப்பு இருந்தது. மகள் தரையில் விரலால் வட்டங்கள் வரைந்தாள். உள்ளே இருக்கும் வாயு தன் சுழற்சியை வெளியே இருக்கும் வாயுவிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறது. வாங்கிக்கொண்டது இன்னும் தள்ளிப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் காந்தப்புலம் நூல் போல இழுத்துக்கொண்டிருக்கிறது என்றாள். ஆனால் அது துல்லியமாக எப்படி நடக்கிறது என்பது இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது என்றும் சொன்னாள்.

"தெரியலேன்னு சொல்றதுக்கா சாமி இத்தனை வருசம் படிக்கறே?"

மகள் சிரித்தாள். நான் வந்ததிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். சிரிப்பு முடியும்போது குரல் மாறியிருந்தது. "அன்னிக்கு உனக்குப் புரியாதுன்னு சொன்னேன்ல? எனக்குத்தாம்மா புரியலே. ஆறு மாசமா ஒரே இடத்துல நிக்கறேன். யாராச்சும் கேட்டாலே பயமா இருந்துச்சு."

அக்கா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, மகள் வரைந்த வட்டத்தை உற்றுப் பார்த்தார்.

"எங்க நிக்கறே? இதுல காட்டு."

மகள் உள்வட்டத்துக்குச் சற்று வெளியே விரலை வைத்தாள். நான் என் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். போய் வருகிறேன் என்று இருவரிடமும் சொன்னேன். ஒருவர் காதிலும் விழவில்லை.