வெயிலுக்கும் ஐஸ் ரூமுக்கும் நடுவே ஒரு கதவு

காலை 9.40. செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னல் கம்பியில் கை வைத்தவன் சட்டென்று எடுத்துக்கொண்டேன். அப்படி ஒரு சூடு. மே மாதத்தில் மாமல்லபுரம் போகிறவன் ஒன்று சுற்றுலாப் பயணி, இல்லாவிட்டால் பைத்தியக்காரன். நான் இரண்டுமில்லை. என் தங்கை கஸ்தூரி காலையில் போன் செய்திருந்தாள்.

"அண்ணா, அவருக்கு நேத்து சாயங்காலத்துலருந்து கை அப்பப்ப மரத்து மரத்து உடுது. கேட்டா ஐஸ்ல நின்ன மரப்புன்றாரு. வேலைக்கும் பூட்டாரு. நீ வந்து சொன்னாத்தான் கேப்பாரு."

அவள் கணவன் ஏழுமலை, என் மச்சான், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் ஐஸ் ரூமில் வேலை செய்கிறான். பெரிய ஐஸ் பாளங்களை உடைத்து, மீன் பெட்டிகளில் நிரப்பி, வெளியே நிற்கும் வேனில் ஏற்ற வேண்டும். உள்ளே உறைகுளிர், வெளியே கொதிக்கும் வெயில். போன செவ்வாய்க்கிழமை அவனோடு வேலை செய்த தாமோதரன் செத்துப்போனான். நாற்பத்தாறு வயது. நெஞ்சு வலி என்றார்கள். சாவுக்கு நானும் போயிருந்தேன். இப்போது கை மரப்பு என்றதும் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். நான் பெரிய பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் எதுவும் கிடையாது.

10.25. திருக்கழுக்குன்றம். பதினான்கு கிலோமீட்டர் வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பக்கத்தில் ஒருவர் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"முந்தாநேத்து மழை கொட்டிச்சு, போர்வை போத்திகினு படுத்தோம். இன்னிக்கு வறுத்தெடுக்குது. உடம்பு இன்னாத்துக்கு ஆவும், சொல்லு சார்" என்றார்.

"தாங்காதுங்க."

"எங்க தெருவுல இந்த மாசம் ரெண்டு பேரு பூட்டாங்க. ஒருத்தருக்கு நெஞ்சு வலின்றாங்க, ஒருத்தருக்கு சக்கரைன்றாங்க. வெயிலுன்னு எவன் சொல்றான்?"

கஸ்தூரிக்கு இரண்டு முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் ஒரு சுற்று வந்துபோயின.

11.10. மாமல்லபுரம். கல்லில் செதுக்கிய யானையைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்த பேருந்துக்குள் ஏசி. இறங்கினால் அனல், ஏறினால் குளிர். ஒரு அம்மாள் படியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற நாளாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். கல்பாக்கம் சாலையில் ஆட்டோ பிடித்தேன். ஆறு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசும் தெம்பு இல்லை.

"கடக்காத்து வந்தா அடங்கிடும் அண்ணாத்த" என்றார் ஓட்டுநர்.

"எப்ப வரும்?"

"எப்பவும் பதினோரு மணிக்கெல்லாம் வந்துடும். இப்ப பத்து நாளா மேலக்காத்து உட மாட்டேங்குது. ரெண்டு, மூணு ஆவுது."

11.40. ஐஸ் ரூம் கடற்கரைக்கு ஐம்பதடி தள்ளி, தகரக் கூரை போட்ட கட்டடம். வாசலில் வேன் நின்றது. ஏழுமலை பெட்டியை வேனில் வைத்துவிட்டுத் திரும்பினான். மேலெல்லாம் வியர்வை, தலைமுடியில் ஐஸ் தூள்.

"இன்னா மச்சான், இந்த வெயில்ல? அவ போன் பண்ணாளா? உள்ள வா, சில்லுனு கீது. நாஸ்தா இன்னும் துன்னல, வா, சேந்து துன்னலாம்."

அவர்கள் சாப்பிடுவது உள்ளேதான். மே மாதம் முழுவதும் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, குளிரிலேயே சோற்றைப் பிரிப்பார்கள். காசு இல்லாத ஏசி என்று குப்பத்தில் இதைக் கேலியும் செய்வார்கள், பொறாமையும் படுவார்கள். நானும் உள்ளே போனேன். பொய் சொல்லக் கூடாது, சொர்க்கமாகத்தான் இருந்தது. இரண்டே நிமிடத்தில் உதடு மரத்தது. ஐந்தாவது நிமிடம் பேச்சு குழறியது. ஏழுமலை சிரித்தான்.

"பாத்தியா? இங்க எல்லாருக்கும் இப்பிடித்தான். வாய் கோணும், கை மரக்கும். வெளிய போயி வெயில்ல உக்காந்தா சரியாப் பூடும்."

"தாமோதரனுக்கும் இப்படித்தான் ஆச்சா?"

"ஆமா. பேச்சு வரலன்னான். ஐஸ் மரப்புன்னு வெளிய வெயில்ல உக்கார வெச்சோம். நாங்க துன்னுட்டு வந்து பாத்தா தல சாஞ்சு கீது."

சொல்லிவிட்டு அவன் டிபன் டப்பாவைத் திறக்கப் பார்த்தான். இடது கை டப்பாவின் மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி பிடித்தான், மறுபடி வழுக்கியது. வலது கைக்கு ஒன்றுமில்லை. இரண்டு கைகளும் இருந்தது ஒரே ஐஸில்தானே? ஆஸ்பத்திரிச் சுவரில் எப்போதோ பார்த்த பக்கவாதப் படம் ஞாபகம் வந்தது.

"மச்சான், ரெண்டு கையையும் தூக்கு."

"இன்னாத்துக்கு?"

"தூக்குய்யா."

வலது கை தலைக்கு மேலே போனது. இடது கை தோள் வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றது, மெதுவாகக் கீழே இறங்கியது. அதை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"ஐஸ்... ஐஸ்தான் மச்சான்" என்றான். வாயின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது.

கூட வேலை செய்பவர் ஒருவர் எழுந்து, "வெயில்ல கூட்டிப்போயி உக்கார வைக்கலாம், வா" என்று அவன் தோளைப் பிடித்தார். நல்ல எண்ணத்தில்தான். தாமோதரனையும் இதே கைதான் பிடித்து உட்கார வைத்திருக்கும். நான் கத்திய கத்தலில் அவர் கையை எடுத்துவிட்டார். ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். நான் வந்த ஆட்டோ போயிருந்தது, வேன் ஓட்டுநரும் அங்கே இல்லை. அவனை மெதுவாக வெளியே கொண்டுவந்து, வேன் நிழலில், மீன் நாற்றத்துக்கு நடுவில், மச்சானின் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். செத்த மீனைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிடம். அந்த இருபத்திரண்டு நிமிடமும் கடற்காற்று வரவில்லை.

யாரோ போய்ச் சொல்லி, கஸ்தூரி மணலில் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். நான் கூப்பிட்டபோது போனை வீட்டிலேயே விட்டுவிட்டுக் குழாயடியில் நின்றிருக்கிறாள். ஆம்புலன்சில் ஏறிப் புருஷன் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

1.25. காலையில் கிளம்பிய அதே செங்கல்பட்டு. பெரிய ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். மூன்றரை மணிக்கு வெளியே வந்த டாக்டரம்மா இளவயதுக்காரர். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, நேரத்தோடு வந்துவிட்டீர்கள், மருந்து கொடுத்திருக்கிறோம் என்றார். கேட்க வேண்டாம் என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"ஐஸாலயா, வெயிலாலயாங்க?"

"ரெண்டுக்கும் நடுவுல மாறி மாறிப் போனதாலயும் இருக்கலாம். வெயில்ல தண்ணி வத்தி ரத்தம் கெட்டியாகுது. குளிர்ல குழாய் சுருங்குது, பிரஷர் ஏறுது. ஏற்கெனவே பிரஷர் இருக்கிற உடம்பு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை உள்ள வெளிய போவார்?"

முப்பது, நாற்பது தடவை என்றாள் கஸ்தூரி. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

5.50. பார்க்க விட்டார்கள். ஏழுமலை இடது கையின் இரண்டு விரல்களை ஆட்டிக் காட்டினான். பேச்சு இன்னும் குழறல்தான். "தாமு..." என்றான், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கும் அந்த நினைப்புதான். அவனையும் யாராவது கையைத் தூக்கச் சொல்லியிருந்தால்?

இரவுக்கு கஸ்தூரி துணையிருந்தாள். நான் வீட்டுக்கு நடந்தேன், பதினைந்து நிமிடம். வழியில் இடி இடித்து மழை பிடித்துக்கொண்டது. தெருவே வாசலுக்கு வந்து நனைந்தது, பிள்ளைகள் கூத்தாடின. எனக்கு மட்டும் அந்தச் சில்லென்ற காற்று பிடிக்கவில்லை. இன்று இரவு எத்தனை உடம்புகள் இதற்குத் தடுமாறுமோ என்றுதான் தோன்றியது.

வீட்டில் சமையலறை அடுப்பாய்க் கொதித்தது. படுக்கையறையில் ஏசி பதினெட்டில் ஓடியது. என் மனைவி சரசு வியர்வை சொட்டச் சொட்ட அடுப்படியிலிருந்து வந்து, அந்தக் கதவைத் திறக்கப் போனாள். பத்து வருடமாக அவள் இப்படித்தான் போய்வருகிறாள். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறாள்.

"நில்லு" என்றேன். "ரெண்டு கையையும் தூக்கு."

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று சிரித்துக்கொண்டே ஒரு கையை மட்டும் தூக்கினாள். இன்னொரு கையில் கரண்டி இருந்தது.

"கரண்டியைக் கீழ வெச்சுட்டுத் தூக்கு, சரசு."

என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கரண்டியை வைத்துவிட்டுத் தூக்கினாள். இரண்டும் மேலே போயின. இறங்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.