ஹுல்லும் ஹுளுவும்

கீமோ முடிந்த பிறகு என் மனைவியின் இரண்டு உள்ளங்கால்களும் மரத்துப்போயின. உணர்ச்சி மெதுவாகத் திரும்பும் என்றார் டாக்டர். திரும்பாமலும் போகலாம் என்று அதே வாயால் சொன்னார். எதை நம்புவது? வீட்டின் முன்னால் துண்டுப் புல்தரை ஒன்று உண்டு. காலையில் முள், கல் இருக்கிறதா என்று நான் தடவிப் பார்த்த பிறகு, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு அதில் நடப்பாள். "ஏதாவது தெரியுதா?" என்பேன். "மரக்கட்ட மாதிரிதாங்க இருக்குது" என்பாள்.

அந்தப் புல் மழைக்குப் பிறகு திட்டுத்திட்டாகப் பழுத்தது. பிடித்து இழுத்தால் பாய் போலச் சுருண்டு வந்தது. அடியில் வெள்ளையாக, வளைந்து கிடந்தன வேர்ப்புழுக்கள். பூச்சிமருந்து வாங்கலாம் என்றேன்.

"விஷம் கிஷம் ஊத்துனீங்கன்னா நான் எங்க நடக்கறது?"

நியாயம்தான். ஆகவே இயற்கை முறை. அங்கேதான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. வாங்கி வந்த பொட்டலத்தில் இருந்தது பூஞ்சைத் தூள். புழுவின் மேல் முளைத்து அதைக் கொல்லுமாம். உயிருள்ள சமாச்சாரம், வெயில் ஆகாது. ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்து அதற்கொரு சண்டை. மக்கிய எருவில் கலந்து தூவ வேண்டும் என்றது பொட்டலம். போன தடவை போட்ட எருவிலிருந்துதான் புழுவே வந்தது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எருவால் வந்ததை எருவாலேயே துரத்துவதா? எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.

முதலில் கையில் அகப்படும் புழுக்களைப் பொறுக்கிவிடலாம் என்று ஒரு தோட்டக்காரரைக் கூப்பிட்டேன். அவருக்குக் கன்னடம்தான், தமிழ் வராது. நானோ இந்தக் கன்னட ஊரிலேயே, தமிழர்கள் நிறைந்த மர்பி டவுனில் பிறந்து, பீன்யா தொழிற்பேட்டையில் தமிழர்களோடே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கன்னடம் அரைகுறை. கன்னடத்தில் புழு என்றால் ஹுளு, புல் என்றால் ஹுல்லு. என் நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

"ஹுல்லு எல்லா தெகீரி" என்றேன், புழுவை எல்லாம் எடுத்துவிடச் சொல்வதாக நினைத்து.

"எல்லானா, சார்?" அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

"எல்லா! ஒந்தூ பிடபேடி!" ஒன்றைக்கூட விடாதே என்று அதட்டலாகவே சொன்னேன்.

சிவாஜிநகர் போய் வேப்பம் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு திரும்பினால் புல்தரையைக் காணோம். கொத்திப் போட்ட மண்ணில் மைனாக்களும் காக்கைகளும் புழு விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. தோட்டக்காரர் வியர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். திட்ட வாய் திறந்தேன். யாரைத் திட்டுவது?

"எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதையா இருக்குதே" என்று அவள் சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. அவளுக்கு இருந்த ஒரே இடத்தை அழித்துவிட்டேனே.

மறுநாள் காலை, பழக்க தோஷம், அவள் அந்த ஈர மண்ணிலேயே இறங்கினாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பாதியில் நின்றுவிட்டாள்.

"என்னாங்க, கால்ல என்னமோ நெளியுது."

"என்ன நெளியுது?"

"தெரியலங்க. ஆனா நெளியறது தெரியுது."

குனிந்து அவள் இடது காலைத் தூக்கினேன். மைனாக்களுக்குத் தப்பிய வேர்ப்புழு ஒன்று. இதைக் கொல்லத்தானே இத்தனை பாடு? கையில் எடுத்துவிட்டேன். நசுக்கவும் மனம் வரவில்லை, விடவும் தோன்றவில்லை.

அவள் இடது காலை ஊன்றிக்கொண்டு வலது காலை மெல்லத் தூக்கினாள்.

"அத இந்தக் காலுக்கடியிலயும் வுடுங்க, பார்க்கலாம்" என்றாள்.